அம்மாவின் நேர்ச்சை, என் கால்கள்

அப்பா பிழைத்தால் தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக அம்மா நேர்ந்திருந்தார். அப்பா பிழைக்கவில்லை. அடுத்த ஆகஸ்டில், "முட்டி வலிக்குது, எனக்குப் பதிலா நீ போயிட்டு வா" என்றார்.

"அவர்தான் போயிட்டாரே, இனி என்ன நேர்ச்சை?"

"நான் என்ன வியாபாரமா பேசுனேன்?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டார். வியாபாரம்தானே பேசினீர்கள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அந்த ஒரு வருஷத்தில் அப்பாவின் நினைவுத் திருப்பலி தவிர நான் பூசைக்குப் போனதில்லை. 'தேடுங்கள், கண்டடைவீர்கள்' என்று யார் சொன்னாலும் எரிச்சலாக இருந்தது. தேடினோமே, மருத்துவமனை வராந்தாவில் ராத்திரி முழுக்கச் செபமாலை உருட்டினோமே! இந்தக் கோபத்தோடுதான் காவி வேட்டி கட்டினேன்.

எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கத்துச் செபக் குழுவில், நாற்பது பேர். மாதா சப்பரம் வைத்த ஒரு மூன்று சக்கர வண்டி. கிட்டத்தட்ட 95 கிலோமீட்டர் தூரத்தை நான்கு நாளில் நடந்து, 29ஆம் தேதி கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருவதாகத் திட்டம். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, பத்து மணிக்கு மேல் ஏதாவது மண்டபத்தில் படுத்து, வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடை. அம்மாப்பேட்டை தாண்டுவதற்குள் வலது குதிகாலில் கொப்புளம். வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தார் கொதிக்கும்போது சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே நடங்கள். அந்த நாலு விரல் அகல பெயின்ட் எவ்வளவு குளிர்ச்சி என்று பாதத்துக்குத்தான் தெரியும். நீடாமங்கலம் தாண்டி ஓர் இடத்தில் அந்தக் கோட்டின் மேலும் குறுவை நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். நெல்லை மிதிக்க மனசு வரவில்லை. தாருக்கே திரும்பினேன்.

வழியெல்லாம் மோர், சுக்குக் காபி, எலுமிச்சைச் சாதம். கொடுத்தவர்களில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறு. கொரடாச்சேரிப் பக்கம் ஓர் அம்மா வாளியில் வெந்நீர் வைத்து, "காலை உள்ள விடுங்க தம்பி" என்றார். கூச்சத்தில் நெளிந்தேன். பெரிய வியாழனன்று சாமியார் முன் கால் நீட்டப் பேதுருவும் இப்படித்தான் நெளிந்திருப்பார் என்று சொல்ல வந்தேன். சாமியார் முன் இல்லை, சீடர்களின் காலைக் கழுவிய இயேசுவின் முன்; சாமியார் கழுவுவது அதன் நினைவாக. களைப்பில் எல்லாம் கலந்துவிட்டது.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு வேலை வந்தது. குழுவில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி, எப்போதும் கடைசி. அரை கிலோமீட்டர் பின்தங்குவார். "யாராவது கூட வரணும், நீ வா" என்றார் குழுத் தலைவர் அண்ணன். எனக்குப் பிடிக்கவில்லை. மெதுவாக நடப்பது வேகமாக நடப்பதைவிட வலிக்கும். பாட்டி திருவாரூர் வரை பேசவே இல்லை. அதற்கப்புறம், "யாருக்காக வர்ற?" என்றார். அப்பா கதையைச் சொன்னேன், கோபத்தையும் சேர்த்து. ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ம்" என்றார். கீழ்வேளூர் வரும்வரை நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

அன்று ராத்திரி நாகப்பட்டினத்தில் அண்ணன் கைப்பேசி வெளிச்சத்தில் நற்செய்தியில் எம்மாவு பகுதியை வாசித்தார்: இயேசு இறந்தபின் எம்மாவு என்ற ஊருக்கு நடந்துபோகும் இரண்டு சீடர்களோடு, உயிர்த்த இயேசு யாரென்று தெரியாதபடி சேர்ந்து நடக்கும் கதை. எருசலேமிலிருந்து எம்மாவுக்குப் பதினொரு கிலோமீட்டர் என்று வந்ததும், "நாளைக்கு நமக்கும் பன்னிரண்டுதான்" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தோம். நூறு தடவை கேட்ட பகுதி. அந்த இரண்டு சீடர்களும் கிறிஸ்துவைத் தேடிப் போகவில்லை, எருசலேமை விட்டு விலகித்தான் போனார்கள் என்பது அன்றுதான் உறைத்தது. இஸ்ரயேலை விடுவிப்பார் என்று எதிர்பார்த்திருந்தோம் என்று அவரிடமே புலம்புகிறார்கள். அவர் கடைசியில் கடிந்துகொள்கிறார்தான், வேதமும் விளக்குகிறார். ஆனால் அதற்கு முன் என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டு, முழுப் புலம்பலையும் கேட்டுக்கொண்டு அவர்கள் போகும் திசையிலேயே கூட நடக்கிறார். தேடுவது முழுக்க என் வேலை என்று நினைத்திருந்தவனுக்கு இது புதுசு.

கடைசி நாளும் பாட்டியோடுதான் நடந்தேன். யாரும் சொல்லவில்லை. வழியில் ஒரு டீக்கடையில் பன்னைப் பிட்டுப் பெரிய பாதியை என்னிடம் நீட்டினார். சர்க்கரை நோய்க்காரர், பன் சாப்பிடக் கூடாது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

வேளாங்கண்ணியில் அலைமோதும் கூட்டம். மாதா குளத்துப் பாதை மணலில் ஒரு பெண் முழந்தாளிட்டு நகர்ந்துகொண்டிருந்தார். "மாதாகிட்ட போற, கிறிஸ்துவை எங்க தேடுற?" என்று அலுவலகத்தில் மாதா வணக்கம் இல்லாத சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட் சபை நண்பர் ஒருவர் கிண்டலடித்திருந்தார். வரிசையில் தள்ளுமுள்ளுக்கு நடுவே நிமிர்ந்தபோது, மாதா கையில் இருந்த குழந்தை இயேசுதான் முதலில் கண்ணில் பட்டது. மூன்று விநாடி. "நகருங்க, நகருங்க" என்றார்கள். அம்மா கொடுத்தனுப்பிய மெழுகுவத்தியைக் கொளுத்தினேன். கேட்க எதுவும் தோன்றவில்லை. கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டே அங்கே நிற்க முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் குதிகாலில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டார். "அடுத்த வருஷமும் போவியா?"

"அந்தப் பாட்டி வந்தா போறேன்."

"அவங்களுக்கு யாருக்காக நேர்ச்சையாம்?"

நான் கேட்கவே இல்லை.