லேவியனுக்கு சம்பள பில் போட்டது யாரு

11 வருஷம் ஒரு சபை ஆபீஸ்ல சம்பள பில் போட்டிருக்கேன், எந்த சபைன்னு வேணாம். உபதேசியார் (கிராமத்து கோயில்ல ஆராதனை நடத்துறவரு), கோயில்குட்டி (கோயில் வேலையாள்), டிரைவர் எல்லாருக்கும் நான்தான். அந்த சீட்ல உக்காந்துட்டு பைபிள்ல பழைய ஏற்பாட்ட வாசிச்சா, மத்தவங்க கொட்டாவி விடுற அதிகாரத்துலதான் நமக்கு முழிப்பு வரும். எண்ணாகமம் 18 முழுக்க சம்பள விஷயம்தாங்க.

இஸ்ரவேல்ல ஆலய வேலைக்குன்னே ஒதுக்குன லேவி கோத்திரத்துக்கு நிலத்துல பங்கு கிடையாது, பதிலுக்கு மத்த கோத்திரங்களோட தசமபாகம், அதாவது விளைச்சல்ல பத்துல ஒண்ணு. அதுலயும் பத்துல ஒண்ண ஆரோன் வம்சத்து ஆசாரியருக்கு, அதாவது பலி செலுத்துற பூசாரிகளுக்கு, எடுத்து வைக்கணும், அதாவது 100 மூட்டை விளைஞ்சா லேவியனுக்கு 10, அந்த 10ல 1 ஆசாரியனுக்கு. பிடித்தம் அப்பவே இருந்திருக்கு. ஆசாரியனுக்கு இது போக முதற்பலன், ஜனங்க பலியிடுற ஆடு மாட்டுல முன்னந்தொடை, தாடை, இரைப்பை, முதல்ல கத்தரிக்கிற ஆட்டு மயிர், முழுசா எரிக்கிற சர்வாங்க தகனபலியோட தோல், கடவுள் சமுகத்துல வச்சு வாராவாரம் மாத்துற 12 சமுகத்தப்பம். குடியிருக்க 48 ஊரு, அதுல 13 ஆசாரியருக்கு.

ஆசாரியனுக்கு வர்ற பரிசுத்தமான பங்க யார் யார் சாப்பிடலாம்னு கூட லேவியராகமம் 22ல இருக்கு. ஆசாரியன் வீட்டு கூலிக்காரன் சாப்பிடக்கூடாது, விலைக்கு வாங்குன அடிமை சாப்பிடலாம், வெளிய கட்டிக்குடுத்த மக சாப்பிடக்கூடாது, ஆனா அவ பிள்ளை இல்லாம விதவையாவோ புருஷன் தள்ளிவிட்டோ அப்பா வீட்டுக்கே திரும்பி வந்துட்டா சாப்பிடலாம். எங்க ஆபீஸ் சர்க்குலர்ல இவ்ளோ தெளிவ நான் பாத்ததே இல்ல.

பேப்பர்ல எல்லாம் சரி. ஆனா நிலம் இல்லாதவனுக்கு அடுத்தவன் களத்துல இருந்து வந்தாதான சோறு? நியாயாதிபதிகள் 17ல ஒரு லேவியன் பிழைக்க இடம் தேடி அலையுறான், மீகான்னு ஒருத்தன் வருஷத்துக்கு 10 வெள்ளிக்காசு, துணி, சாப்பாடுன்னு சொல்லி தன் வீட்டு சாமிக்கு வேலைக்கு வச்சுக்கிறான். அப்புறம் தாண் கோத்திரத்துக்காரங்க வந்து ஒரு வீட்டுக்கு ஆசாரியனா இருக்கறது நல்லதா ஒரு கோத்திரத்துக்கே இருக்கறது நல்லதான்னு கேட்டதும் சந்தோஷமா மாறிட்டான். பிரசங்கத்துல அவன திட்டுவாங்க, எனக்கு முழுசா திட்ட வரல.

நெகேமியா 13தான் என்னை உலுக்குனது. நெகேமியா பெர்சிய ராஜாவுக்கு கீழ யூதா தேசத்த ஆண்ட அதிபதி, ராஜா கிட்ட போயிட்டு எருசலேமுக்கு திரும்பி வர்றாரு. ஆலயத்துல தசமபாகம் வைக்கிற பெரிய அறைய எலியாசிப்ங்குற ஆசாரியன் தனக்கு வேண்டிய தொபியாவுக்கு குடுத்துட்டான், லேவியருக்கு பங்கு போகல, அவங்களும் ஆலயத்து பாடகரும் வேலைய விட்டுட்டு அவனவன் ஊர் வெளிநிலத்துக்கு போயிட்டாங்க. நெகேமியா தொபியாவோட சாமானத்த தூக்கி வெளிய எறிஞ்சாரு. அப்புறம் பண்டசாலைக்கு ஒரு ஆசாரியன், ஒரு வேதபாரகன் (வேதம் படிச்ச எழுத்தர்), ஒரு லேவியன், கூட ஒரு உதவி ஆளு, நாலு பேரப் போட்டாரு. உண்மையுள்ளவங்கன்னு பேர் இருந்ததாலதான் போட்டாராம். ஒரே ஆள் கையில சாவி இருந்தா என்னாகும்னு பட்டு தெரிஞ்சவரு. முக்கியமா, ஏன் ஓடிப்போனீங்கன்னு அவரு லேவியர கேக்கல, தலைவர்கள கூப்பிட்டுதான் சண்டை போட்டாரு.

எங்க ஆபீஸ்ல ஒரு தடவ மூணு மாசம் சம்பளம் நின்னு போச்சு, காணிக்கை வரலன்னாங்க, ஆனா அதே சமயம் மேல ஒரு ரூமுக்கு புது ஏசி வந்துச்சு, வவுச்சர் போட்டது நான்தான். கிராமத்து உபதேசியார் ஒருத்தர் ரெண்டு ஞாயிறு ஆராதனைக்கு வரல. மெமோ அடிக்க சொன்னாங்க, அடிச்சேன். அடுத்த வாரம் பஸ்ல போறப்ப பாக்குறேன், மனுஷன் வாழைத்தார் லாரில லோடு ஏத்திட்டு இருக்காரு. இறங்கி போனேன். மெமோவப் பத்தி ஒரு வார்த்தை பேசல, தோள்ல இருந்த சாக்க இறக்கி வச்சுட்டு, "தம்பி, பில்லு போட்டாச்சா?"ன்னு மட்டும் கேட்டாரு.