விருப்பத் தேர்வில் நான் சொன்ன பொய்

2018-ல் பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் சேர்ந்தேன். பாலக்கோட்டில் எங்கள் தெருவில் அந்த வருடம் மூன்று பெண்கள் அதில்தான் சேர்ந்தோம். எட்டாவது மாதம் நான் மட்டும் பெட்டியோடு வீடு திரும்பினேன். ரத்தம் பார்த்துப் பயந்து வரவில்லை. பகல் முழுக்க நோயாளிகளோடும் அவர்கள் வீட்டாரோடும் பேசிவிட்டு, ராத்திரி விடுதியில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசத் தெம்பில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். கட்டின பணத்தைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

இத்தனைக்கும் பிளஸ் ஒன்னிலேயே ஒரு விருப்பத் தேர்வு, அதாவது எந்த மாதிரி வேலை பிடிக்கும் என்று கேட்டு அறியும் தேர்வு, எழுதியவள் நான். அதில் எனக்கு முதலில் வந்தது சமூக சேவை வகை. ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். "நோயுற்றவர்களைக் கவனித்துக்கொள்வது பிடிக்குமா?" என்று தாளில் கேட்டால் ஒரு பெண் பிடிக்காது என்று எப்படி எழுதுவாள்? அம்மா பக்கத்தில் நின்று பார்ப்பது போலவே நினைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "மிகவும் பிடிக்கும்" என்று போட்டேன். நான் எழுதிக் கொடுத்த பொய்யைத்தான் அந்தத் தேர்வு கூட்டிக் கழித்துத் திருப்பிக் கொடுத்தது.

இந்த வகைத் தேர்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-ல் முன்வைத்த கருத்திலிருந்து வந்தவை. கையால் செய்யும் வேலை, ஆராய்ச்சி, கலை, மக்கள் சேவை, ஆட்களை நடத்திக் காரியம் சாதிப்பது, கணக்கு வழக்கு ஒழுங்கு என்று ஆறு வகை விருப்பங்கள். ஒருவருக்கு மேலோங்கி நிற்கும் இரண்டு மூன்று வகைகளைச் சேர்த்துப் பார்த்து அதற்கேற்ற தொழில்களைக் காட்டுவார்கள். இதில் சரி தப்பு கிடையாது, நேரக் கட்டுப்பாடும் கிடையாது. உண்மையாக எழுதினால் மட்டுமே பயன்.

எது நன்றாக வரும் என்று பார்க்கும் திறனறித் தேர்வு வேறு. அதற்கு விடை உண்டு, கடிகாரம் உண்டு. பிடிக்கும் என்பதும் வரும் என்பதும் ஒன்றல்ல என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

திரும்பி வந்த பிறகு பள்ளி இயற்பியல் ஆசிரியர் வீட்டுக்கு வரச் சொல்லி இரண்டு தேர்வையும் எழுத வைத்தார். ஒரு பக்கத்தில் வெட்டி விரித்த அட்டைப் படம், பக்கத்தில் நான்கு பெட்டிகள். மடித்தால் எந்தப் பெட்டி வரும்? புள்ளி போட்ட பக்கம் கோடு போட்ட பக்கத்துக்கு எந்த ஓரத்தில் ஒட்டும்? எல்லோரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்களாம். எனக்குப் பார்த்தவுடனே மடிந்தது. அப்பா தையல்காரர். ஏழாவது படிக்கும்போதிருந்து லீவு நாளில் கடையில் உட்கார்ந்து ரவிக்கைத் துணி வெட்டியிருக்கிறேன். "துணிக்குள்ளயே ரவிக்கை இருக்குது பாப்பா, அதைப் பார்த்துட்டு அப்புறம் கத்திரியை வை" என்பார். அதை ஒரு திறமை என்று எங்கள் வீட்டில் யாரும் எண்ணியதில்லை, நானும்தான்.

இப்படி வடிவங்களை மனதுக்குள் மடித்துத் திருப்பிப் பார்ப்பதற்கு இடத்திறன் என்று பெயர். அதில் 90-க்கு மேல் பெர்சென்டைல் வந்தது. இது நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் அல்ல. ஒப்பிடப்பட்ட நூறு பேரில் தொண்ணூறு பேரைவிட நன்றாகச் செய்திருக்கிறோம் என்று பொருள். மொழித்திறன் மிகவும் கீழே. தேர்வு ஆங்கிலத்தில் இருந்தது, நான் தமிழ் வழி. "இது உன் மூளையை அளக்கல, உன் இங்கிலீஷை அளந்திருக்கு" என்று சார் அந்த வரியைப் பென்சிலால் அடித்துவிட்டார். தமிழ் வழிப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். கேள்வி புரியாமல் வந்த குறைந்த எண்ணை நம்பி ஒரு படிப்பையே கைவிட்டுவிடாதீர்கள்.

நான் பயோ மேத்ஸ். கணக்கு, இயற்பியல், வேதியியலோடு பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதே அன்றுதான் தெரிந்தது. மெக்கானிக்கல் எடுத்தேன். இப்போது ஓசூரில் தகடு வளைத்துச் செய்யும் பாகங்களுக்குக் கம்ப்யூட்டரில் டிராயிங் போடுகிறேன். வளையும் இடத்தில் தகடு கொஞ்சம் நீளும். அதைக் கணக்கில் எடுத்துத்தான் தட்டையான அளவைக் குறிக்க வேண்டும். தையலுக்கு அரை இஞ்ச் விட்டு வெட்டுவது மாதிரிதான். மாலையில் களைப்பாக இருக்கும், ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும் களைப்பு இல்லை.

இலவசமாகவே நல்ல தேர்வுகள் இருக்கின்றன. ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காக 2019-ல் சிபிஎஸ்இயும் என்சிஇஆர்டியும் கொண்டுவந்த 'தமன்னா' திறனறித் தேர்வில் மொழி, எண், இடத்திறன், இயந்திரத்திறன் என ஏழு பிரிவுகள் உண்டு. அதில் தேர்ச்சி, தோல்வி என்பது இல்லை. விருப்பத்துக்கு அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் வினாத்தாள்: 60 வேலைகளைச் சொல்லி ஒவ்வொன்றும் பிடிக்குமா என்று கேட்கும், இணையத்தில் இலவசம். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் முழுப்பெயரிலேயே 'தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்பது சேர்ந்திருக்கிறது. பதிவு புதுப்பிக்க மட்டுமே போகும் இடம் என்று நினைக்காமல் உள்ளே போய்க் கேளுங்கள்.

கைரேகை எடுத்துப் பிள்ளை டாக்டரா இன்ஜினியரா என்று சொல்கிறோம் என்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். என் சித்தி ஆயிரக்கணக்கில் கொடுத்து வண்ணப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். விரல் ரேகைக்கும் தொழில் திறமைக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அந்தப் பணத்தில் பிள்ளையை நாலு இடம் கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாம்.

காட்டுவது ஏன் முக்கியம் என்றால், பார்க்காத வேலையைப் பிள்ளைகள் "பிடிக்காது" என்று குறித்துவிடுகிறார்கள். சித்தி மகன் இப்போது பத்தாவது. போன மாதம் அந்த 60 கேள்விகளையும் தமிழில் சொல்லி எழுத வைத்தேன். ஆய்வகம் என்று வந்த இடமெல்லாம் "பிடிக்காது" போட்டான்.

"ஆய்வகம் பார்த்திருக்கியாடா?"

"ஸ்கூல்ல பூட்டித்தானேக்கா இருக்கும்."

அதையெல்லாம் அழித்து, அவன் பார்த்தே இராத வேலை எல்லாவற்றுக்கும் "நிச்சயமில்லை" போடச் சொன்னேன். பதினேழு வந்தது. அந்தப் பதினேழையும் தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். குரூப் எடுப்பதற்குள் எத்தனை முடியுமோ அத்தனை பார்ப்பதாக ஏற்பாடு. கோழி, மாடு என்றால் கண் மலர்கிறவனுக்கு, ஓசூர் பக்கத்தில் மத்திகிரியில் கோழி வளர்ப்புக்கென்றே ஒரு கல்லூரி இருப்பது தெரியாது. அதையும் பட்டியலில் சேர்த்தாயிற்று. முதலில் காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம். அனுமதி கேட்டு அவன் கையாலேயே கடிதம் எழுதியிருக்கிறான். இரண்டு எழுத்துப்பிழையை மட்டும் நான் திருத்தினேன்.