வெஸ்டன் ஹெலிகாப்டர் மியூசியத்துக்கு மாமாவைக் கூட்டிப்போன கதை

நேற்று ராத்திரிதான் வீடு திரும்பினோம். அந்த டாக்ஸிக்காரர் மேல் இருக்கிற எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் போன இடம் அவ்வளவு பிடித்துவிட்டது, சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், எங்கே சாப்பிடுவது என்று வரிசையாகச் சொல்லத்தான் உத்தேசம்.

இங்கிலாந்தில் சாமர்செட் பக்கம் வெஸ்டன்-சூப்பர்-மேர் என்றொரு கடற்கரை ஊர். அந்த ஊர் ஓரத்தில், பழைய விமானத்தளத்தை ஒட்டி, ஹெலிகாப்டர்களுக்கென்றே ஒரு மியூசியம். ஹெலிகாப்டரும், காற்றின் வேகத்திலேயே மேல்விசிறி சுற்றும் ஆட்டோஜைரோவுமாக 80-க்கு மேல் வைத்திருக்கிறார்கள். எல்ஃபன் ஆப் ரீஸ் என்பவருடைய சொந்தச் சேகரிப்பில் தொடங்கியது, 1989-ல் மியூசியமாகத் திறந்தார்கள். இன்றைக்கும் வேலையில் பெரும்பகுதி தன்னார்வலர்கள் கையில்தான் நடக்கிறது.

இங்கே போகவேண்டும் என்று தோன்றியது மாமாவுக்காக. மனைவியின் அப்பா, சூலூர்க்காரர். இந்திய விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், ரஷ்யத் தயாரிப்பான எம்ஐ-8 ஹெலிகாப்டர்களோடு ஆயுசில் பாதியைக் கழித்தவர். எங்களோடு கொஞ்சநாள் இருக்க ரெடிங் வந்திருக்கிறார். லண்டனில் அரண்மனை, பாலம், ராட்டினம் எல்லாம் காட்டியாயிற்று. மரியாதைக்கு "நல்லாருக்குதுங்க" என்பார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் தண்டவாள வேலை. பிரிஸ்டலில் எங்களை இறக்கிவிட்டு பஸ்ஸில் ஏற்றினார்கள். ரயிலுக்கு முழுக் காசு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் அனுப்புவது என்ன நியாயம்? ஃபேமிலி ரயில்கார்டு போட்டும் நான்கு பேருக்கான டிக்கெட் இந்த மாத பட்ஜெட்டில் பெரிய ஓட்டை. அந்த பஸ்ஸில் ஜன்னல் திறக்காது, ஹீட்டர் அணையாது. நெய்ல்சி, யாட்டன் என்று ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலாக நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. ஏறுவார் யாருமில்லை. யாட்டன் தாண்டியதும் மகளுக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது, மாமா சட்டைப்பையிலிருந்து ஏலக்காய் எடுத்துக் கொடுத்துச் சமாளித்தார்.

வெஸ்டனில் இறங்கினால் டவுன்பஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. வெளியே நின்ற டாக்ஸியில் ஏறினோம். மீட்டர் போடவில்லை. கேட்டதற்கு, "ஞாயிற்றுக்கிழமை ரேட் வேறு" என்றார். பத்து நிமிஷம்கூட ஓடவில்லை, 22 பவுண்ட். மாமா அதை ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு கோயமுத்தூர்ல இருந்து பழனிக்கே போயிரலாமுங்க மாப்பிள்ளை" என்றார். உண்மைதான். திரும்பும்போது பஸ்ஸில்தான் வந்தோம். நீங்களும் மியூசியத்துக்கு பஸ்ஸிலேயே போங்கள், ஏறும் முன் நேரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது பெல்வெடியர் என்ற பிரிட்டிஷ் ஹெலிகாப்டர். இதைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்லவேண்டும். முன்னும் பின்னும் தலைக்குமேல் ஒவ்வொரு சுழலியோடு (ரோட்டார்) நீளமான உடம்பு. முன்கால்கள் மட்டும் உயரமாக, முருங்கைக் கிளைக்கு எட்டி முன்னங்காலைத் தூக்கிய ஆடு மாதிரி மூக்கை மேலே வைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த உயரத்துக்குக் காரணம் இருக்கிறது. கடற்படைக்காக வரைந்த வடிவம் அது. வயிற்றுக்கு அடியில் டார்பிடோ மாட்ட இடம் வேண்டும் என்று காலை நீட்டினார்கள். கடற்படை கைகழுவியது, விமானப்படை எடுத்துக்கொண்டது, நீண்ட கால்கள் அப்படியே தங்கிவிட்டன. முழுச் சுமையோடு வரும் சிப்பாய் தரையிலிருந்து நான்கடி உயர வாசலில் ஏறவேண்டும், இறங்கவேண்டும்.

சங்கடம் அதோடு நிற்கவில்லை. முன் இன்ஜின் விமானிகளின் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அதை ஸ்டார்ட் செய்ய ஐசோபுரோபைல் நைட்ரேட் என்ற, சுலபத்தில் பற்றிக்கொள்ளும் திரவத்தைப் பயன்படுத்தினார்கள். ஸ்டார்ட் செய்யும்போதே தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. மொத்தம் கட்டியதே 26. இதே வெஸ்டன் ஊர்த் தொழிற்சாலையில் கட்டினார்கள். 1961-ல் படையில் சேர்ந்து 1969-ல் ஓய்வுக்குப் போய்விட்டது.

இப்படி ஒரு மெஷினை எதற்காகக் காப்பாற்றவேண்டும்? அது செய்த வேலைக்காக. அரேபியக் கரையில் ஏடனிலும் போர்னியோ காட்டிலும் சாலையே இல்லாத இடங்களுக்கு ஆளையும் பீரங்கியையும் சாப்பாட்டையும் சுமந்தது இதுதான். 1962-ல் கவன்ட்ரி நகரத்துப் புதிய கதீட்ரலின் கூரைமேல் ஊசிக்கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு போய் வைத்ததும் பெல்வெடியர்தான். இரண்டு சுழலிகளையும் ஒரே தண்டு இணைக்கிறது. ஒரு இன்ஜின் நின்றுபோனால் மற்றது இரண்டு சுழலிகளையும் சுற்றும். மாமா கழுத்தை வளைத்து அந்தத் தண்டு போகும் பாதையை மூக்கிலிருந்து வால்வரைக்கும் விரலால் காட்டிக்கொண்டே நடந்தார். மகளுக்கும் எனக்கும் அப்போதுதான் புரிந்தது. உலகத்தில் மிஞ்சியிருக்கும் பெல்வெடியர் மூன்றே மூன்று. அதில் ஒன்று, பிறந்த ஊரிலேயே நிற்கிறது.

இரண்டாம் உலகப்போர்ச் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயர் பறக்கவேண்டும் என்றால் பணம் கொடுக்க ஆள் வரிசையில் நிற்கிறார்கள். பல டஜன் ஸ்பிட்ஃபயர்கள் இன்றைக்கும் பறக்கின்றன. நல்லது, பறக்கட்டும். ஆனால் வெள்ளத்தில் கூரைமேல் மாட்டிக்கொண்டவரையும் மலையில் காலொடிந்து கிடந்தவரையும் தூக்கிவந்த வேர்ல்விண்ட், வெசெக்ஸ் ஹெலிகாப்டர்களுக்கு அதில் நூறில் ஒரு பங்கு கவனம்கூட இல்லை. அழகாக இல்லை, வேகம் இல்லை, எதிரி விமானத்தை வீழ்த்திய கதை இல்லை என்பதற்காகவே இவற்றை ஒதுக்குகிறார்கள். இது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதை ஹாங்கருக்குள், அதாவது விமானக் கொட்டகைக்குள், கண்ணால் பார்த்தோம். நீல ஓவரால் போட்ட ஒரு பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கழற்றிய ஒரு தகட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தைக் கத்தி நுனியால் தட்டினார், உள்ளேயிருந்து கோலமாவு போல வெள்ளைத் தூள் கொட்டியது. எடை குறையவேண்டும் என்று அந்தக்கால ஹெலிகாப்டர்களின் உடம்பில் மக்னீசியக் கலவையை நிறையப் போட்டார்கள். உப்புக்காற்று பட்டால் மக்னீசியம் இப்படித்தான் பொடிந்துபோகும். பெயின்ட் முழுக்க எடுத்து, அரித்த இடத்தைச் சுத்தமாகச் சுரண்டி, ரசாயனப் பூச்சு கொடுத்து, ப்ரைமர் அடித்து, மறுபடி பெயின்ட் அடிக்கவேண்டும். எல்லாவற்றையும் கூரைக்குள் வைக்க இடம் போதவில்லை, சில வெளியேதான் நிற்கின்றன. ஊரோ கடற்கரை ஊர். ஒன்றை முடிப்பதற்குள் அடுத்தது அரிக்க ஆரம்பித்துவிடும்.

மாமா அந்தத் தகட்டைக் கையில் வாங்கி, சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். மாமாவின் இங்கிலீஷ் ஏர்ஃபோர்ஸ் இங்கிலீஷ். அந்தப் பெரியவருடைய சாமர்செட் உச்சரிப்பு எனக்கே பாதிதான் பிடிபட்டது. ரிவெட், சீலன்ட், ப்ரைமர் என்று போன பேச்சில் இருவருக்கும் எந்தத் தடங்கலும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், மாமாவும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இன்னொரு ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

போலந்து விமானப்படையிலிருந்து வந்த எம்ஐ-8 ஒன்றும் இங்கே இருக்கிறது. மாமா தூரத்திலேயே, "வாலைப் பாருங்க மாப்பிள்ளை" என்றார். "வால் சுழலி வலப்பக்கம் இருந்தா எம்ஐ-8, இடப்பக்கம் இருந்தா எம்ஐ-17. மத்தபடி ரெண்டும் அண்ணன் தம்பி." பக்கத்தில் போனதும் இன்ஜின் மேலிருக்கும் மூடியைக் காட்டினார். அதைத் திறந்து வெளிப்பக்கம் மடக்கினால் அதுவே மெக்கானிக் நிற்கிற பலகை. தனியாக ஏணியோ மேடையோ வேண்டாம். பனிமலையில் இறக்கிவிட்டாலும் அங்கேயே ரிப்பேர் பார்க்கலாம். "இதைப் போட்டவன் கையில கிரீஸ் பட்டவனா இருக்கணுமுங்க" என்றார். இந்திய விமானப்படை எம்ஐ-8-க்கு 2017 டிசம்பரில் விடைகொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று மாமா மத்தியானம் சாப்பிடவில்லை என்று மனைவி அங்கே வைத்துத்தான் எனக்குச் சொன்னாள்.

அதே ரஷ்ய வரிசையில் எம்ஐ-24, தாக்குதல் ஹெலிகாப்டர். கிழக்கு ஜெர்மனிக்காரர்களிடம் இருந்தது. இதைப் பற்றி எழுதாமல் போகமுடியாது. 1987-ல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணத்துக்கு வந்தது இதன் ஏற்றுமதி வடிவமான எம்ஐ-25. 1995-லிருந்து இலங்கை விமானப்படையும் எம்ஐ-24 பறக்கவிட்டது. என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து நண்பரைக் கூப்பிட்டபோது, "அதின்ர சத்தம் கேட்டு பதுங்குகுழிக்குள்ள ஓடின ஆள் நான், நீங்க போட்டு வாங்கோ" என்றார். மறுபடி வற்புறுத்தவில்லை. இதையும் பாதுகாக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் பலகையில் எடை, வேகம், குண்டுக் கணக்கு எழுதுகிற இடத்தில், கீழே இருந்தவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்றும் இரண்டு வரி எழுதலாம்.

நாங்கள் போனது ஓப்பன் காக்பிட் நாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விமானி இருக்கையில் உட்கார விடுகிறார்கள். மகள் வெசெக்ஸில் ஏறினாள். அதன் மூக்குக்குள் இன்ஜின், அதற்கு மேலே, ஆள் உயரத்தைத் தாண்டி, விமானி அறை. பயணிகள் பின்னால் கீழே. அமெரிக்க சிகோர்ஸ்கி வடிவத்தை வாங்கி, அதிலிருந்த பிஸ்டன் இன்ஜினை எடுத்துவிட்டு டர்பைன் வைத்தது வெஸ்ட்லேண்ட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி. பிரிட்டிஷ் படையில் 2003 வரைக்கும் உழைத்தது. பளபளவென்று சிவப்பு பெயின்டில் அரச குடும்பம் பயணம் செய்த வெசெக்ஸும் இங்கே இருக்கிறது, படம் எடுக்கிற கூட்டம் அங்கேதான். நான் பெயின்ட் உரிந்த வெசெக்ஸ்கள் பக்கமே நின்றேன்.

லிங்க்ஸ் ஹெலிகாப்டரை விட்டுவிட்டால் மாமா கோபிப்பார். 1986 ஆகஸ்ட் 11 அன்று மணிக்கு 400.87 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து உலக சாதனை செய்த அதே மெஷின் இது. நுனியில் துடுப்பு மாதிரி அகன்ற சுழலி இறக்கைகள்தான் முக்கியக் காரணம். வெஸ்ட்லேண்ட் 30 என்ற ஹெலிகாப்டரை மாமா முறைத்துவிட்டு நகர்ந்தார். எண்பதுகளில் பிரிட்டனின் உதவிப் பணத்தில் இந்திய அரசின் ஹெலிகாப்டர் கம்பெனியான பவன் ஹன்ஸுக்காக 21 வாங்கி, விபத்துகளுக்குப் பிறகு 1991-ல் அத்தனையையும் பறக்கவிடாமல் நிறுத்திய கதை அவருக்கு மனப்பாடம்.

சாப்பாட்டுக்குக் கடற்கரை போனோம். மாமா சுற்றிலும் பார்த்துவிட்டு, "கடல் எங்கீங்க?" என்றார். பிரிஸ்டல் கால்வாய் என்கிற இந்தக் கடற்பகுதியில் நீர் ஏறி இறங்கும் அளவு உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று. தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான், இறங்காதீர்கள், கால் புதையும். ஆனால் கடைத்தெருவில் ஒரு சின்னக் கடையில் வாங்கிய மீனும் சிப்ஸும் அற்புதம். எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த ஹேடாக். மேல்மாவு மொறுமொறுவென்று உடைய, உள்ளே மீன் வெள்ளையாக இதழ் இதழாகப் பிரிந்தது. மாமா கைப்பையிலிருந்து வடுமாங்காய் டப்பாவை எடுத்தார். சூடான சிப்ஸுக்கு வடுமாங்காய்ச் சாறு! இந்த நாட்டு வினிகர் கிட்டே நிற்கமுடியாது. 11 பவுண்ட் பொட்டலம் இரண்டு வாங்கினோம், நான்கு பேருக்கும் வயிறு நிறைந்தது. பட்டாணிக் கூழ் மட்டும் வாங்காதீர்கள், உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

சரி, வழி சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். கார் இருந்தால் எம்5 நெடுஞ்சாலையில் 21-ஆம் ஜங்ஷனில் இறங்குங்கள், அங்கிருந்து கிட்டம். ரயிலென்றால் ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஹாங்கரில் குளிரும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள். நுழைவுச்சீட்டு வாங்கும்போது சில்லறை மிஞ்சினால் உண்டியலில் போடுங்கள், அது நேராகப் பெயின்டுக்கும் ப்ரைமருக்கும்தான் போகும்.

இதே சாமர்செட்டில் சார்ட் ஊர்ப்பக்கம் வெசெக்ஸையும் வேர்ல்விண்டையும் பறக்கும் நிலையிலேயே வைத்திருக்கும் ஒரு கூட்டம் உண்டு. ஓவரால்காரர் தகவல் சொன்னதிலிருந்து மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் ஊர் திரும்புவதற்குள் அங்கேயும் போகவேண்டும். சார்டுக்கு ரயில் கிடையாது, வாடகைக் கார்தான் எடுக்கவேண்டும். மலிவாக எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.