வட்டியில்லாக் கார்டில் கார்: முதல் போன் டீலருக்கு

வட்டியில்லாக் கிரெடிட் கார்டில் பழைய கார் வாங்க நினைத்தால், கார்டுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்பே டீலரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "கிரெடிட் கார்டில் அதிகபட்சம் எவ்வளவு எடுப்பீர்கள்?" பிரிட்டனில் பழைய கார் விற்கும் இடங்களில் இதற்கு ஒரே பதில் கிடைக்காது. முழுத்தொகையையும் எடுக்கிறவர்கள் உண்டு. 500 பவுண்டு, 1,000 பவுண்டு என்று கோடு போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு. டெபிட் கார்டு மட்டும்தான் என்பவர்களும் உண்டு. கார்டில் வாங்கினால் கட்டணம் அவர்கள் தலையில் விழுகிறது, பழைய காரில் லாபமும் பெரிதாக நிற்பதில்லை. அதனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கார்டு கைக்கு வந்து, காரும் மனசுக்குப் பிடித்து, பில் போடும் மேசையில் உட்கார்ந்த பிறகு இது தெரியவந்தால் போட்ட கணக்கெல்லாம் வீண்.

2% கூடுதலாகக் கொடுத்தால் எடுக்கிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். சொந்தக் கார்டில் கட்டுவதற்காகத் தனிக் கட்டணம் வாங்குவது 2018 ஜனவரி 13 முதல் அங்கே தடைசெய்யப்பட்டிருக்கிறது. பிசினஸ் கார்டுக்கு இந்தத் தடை பொருந்தாது. கார்டை அடியோடு மறுக்க டீலருக்கு உரிமை உண்டு, அதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

அடுத்தது கார்டு. '0%' என்று விளம்பரம் செய்யும் கார்டுகள் மூன்று ரகம். கடையில் வாங்குவதற்கு வட்டி இல்லாதது பர்ச்சேஸ் கார்டு. வேறு கார்டில் இருக்கும் பழைய கடனை மாற்றிக்கொள்ள பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கார்டு. வங்கிக் கணக்கில் பணமாகப் போட்டுத் தருவது மணி டிரான்ஸ்ஃபர் கார்டு. டீலரிடம் கார் வாங்க வேண்டியது முதல் ரகம். பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கார்டை எடுத்துக்கொண்டு போய் அதில் கார் வாங்கி, முதல் ஸ்டேட்மென்டில் வட்டியைப் பார்த்துத் திகைப்பவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை.

விண்ணப்பத்துக்கு முன் 'எலிஜிபிலிட்டி செக்கர்' போட்டுப் பாருங்கள். அது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவான கிரெடிட் ஃபைலில் மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. முழு விண்ணப்பம் தெரியும். ஒன்று மறுக்கப்பட்டதும் அடுத்தது, அதுவும் போனால் இன்னொன்று என்று ஒரே வாரத்தில் நாலைந்து போட்டால், கதவுகள் ஒவ்வொன்றாக அடைபடும். விளம்பரத்தில் 'அப் டு' என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் விளம்பரத்தில் சொன்ன வட்டியில்லா மாதங்களுக்குப் பதில் குறைவாகவும் தரலாம். லிமிட் எவ்வளவு என்பது பெரும்பாலும் கார்டு கிடைத்த பிறகுதான் உறுதியாகும்.

நம்மவர்களில் பலர் தவறவிடும் ஒன்று: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை வைத்துக்கொண்டு பிரிட்டனில் முறையான விசாவில் வசிப்பவர்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற வகையில் அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். கிரெடிட் ஸ்கோர் போடும் நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் மூன்றுமே முகவரியைச் சரிபார்க்க அந்தப் பட்டியலைப் பார்க்கின்றன. வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியும் ஸ்கோர் நகரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இப்போது கணக்கு. கார் 7,200 பவுண்டு, கார்டு லிமிட் 4,600, வட்டியில்லாக் காலம் 18 மாதம் என்று வைத்துக்கொள்வோம். கார்டில் 4,500 போட்டு, மீதி 2,700-ஐ வங்கியிலிருந்து அனுப்பலாம். லிமிட்டை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். லிமிட் தாண்டினால் அபராதம் விழும், சலுகையும் பறிபோகலாம். 18 மாதம் என்பது பெரும்பாலும் கணக்கு திறந்த நாளிலிருந்து எண்ணப்படுவது, கார் வாங்கிய நாளிலிருந்து அல்ல. கார் தேடிக்கொண்டே ஆறு வாரத்தைக் கழித்தால் வட்டியில்லாமல் கட்டும் காலம்தான் சுருங்கும். ஆகவே 17-ஆல் வகுங்கள்: மாதம் 265 பவுண்டு. இதே 4,500-ஐ 10% வட்டியில் 18 மாதத் தனிநபர் கடனாக எடுத்தால் வட்டி மட்டும் ஏறத்தாழ 350 பவுண்டு. மிச்சம் அவ்வளவுதான். மாதம் 265 கட்ட முடியாதவருக்கு அந்தக் கடனே மேல், ஏன் என்பது அடுத்த கணக்கில் தெரியும்.

கார்டு கம்பெனி கேட்கும் குறைந்தபட்சத் தொகை மிகச் சிறியது. பாக்கியில் 1% என்று இருந்தால் முதல் மாதம் 45 பவுண்டு, பிறகு இன்னும் இறங்கும். அதை மட்டும் கட்டிக்கொண்டு போனால் 18 மாதம் முடியும்போது 3,750 பவுண்டு போல அப்படியே நிற்கும். 24.9% வட்டியில் மறுமாதமே 70 பவுண்டு வட்டி. வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகக் கட்டும் டைரக்ட் டெபிட் போடும் இடத்தில் 'மினிமம்' என்ற கட்டம்தான் முன்னால் நிற்கும். அதை விட்டுவிட்டு 'நிலையான தொகை' என்பதில் 265 என்று எழுதுங்கள். சீட்டுப் போட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் சீட்டில் தவணை தவறினால் அதை நடத்தும் தாய்ச்சி வீட்டுக்கே வந்துவிடுவார். இங்கே யாரும் வரமாட்டார்கள், சத்தமில்லாமல் 0% போய்விடும். முதல் ஸ்டேட்மென்டுக்கு டைரக்ட் டெபிட் எடுபடாமல் போவதும் உண்டு. அந்த ஒரு மாதத்தை ஆப்பில் பார்த்துக் கையால் கட்டிவிடுவது நல்லது.

பணம் கட்டும் நாள். புதுக் கார்டில் முதல் செலவே ஆயிரக்கணக்கில் என்றால் மோசடித் தடுப்பு முறை அதை நிறுத்திவைப்பது சாதாரணம். மெஷினில் 'டிக்ளைன்ட்' வந்தால் திரும்பத் திரும்பச் செருகாதீர்கள். கார்டின் பின்னால் உள்ள எண்ணுக்குப் பேசி, அல்லது ஆப்பில் வரும் கேள்விக்கு 'நான்தான்' என்று ஒப்புதல் கொடுத்து, ஒரு தடவை போட்டால் போதும். கார்டு ஒரு நாளும் பின் நம்பர் வேறொரு நாளும் தபாலில் வரும். பின் நம்பர் வருவதற்குள் டீலரிடம் போய் நிற்க வேண்டாம். போவதற்கு முன் கடையில் ஒரு பால் பாக்கெட் வாங்கி பின் நம்பர் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீலர் 500-தான் எடுப்பேன் என்றால் கார்டே வேண்டாமா? வேண்டும். வட்டிச் சலுகையைவிடப் பெரிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டம், பிரிவு 75. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை இருந்தால், டீலர் செய்யும் ஒப்பந்த மீறலுக்கும் பொய்யான விவரத்துக்கும் கார்டு கம்பெனியும் சமமாகப் பொறுப்பு. கார்டில் கட்டியது 200 பவுண்டு அட்வான்ஸாக இருந்தாலும் 7,200-க்கும் பொறுப்பு. டீலர் கடையை மூடிவிட்டுப் போனாலும் பொறுப்பு. 30,001 பவுண்டு கார் என்றால் இந்தக் காப்பு இல்லை.

இந்த உரிமை அறுந்துபோகும் இடங்கள் உண்டு. முக்கியமானது பெயர். கார்டு கணவர் பெயரில், மனைவி கையில் இருப்பது கூடுதல் கார்டு, இன்வாய்ஸ் மனைவி பெயரில். நம் வீடுகளில் இது சர்வசாதாரணம். பிரச்சினை வந்தால், கடன் வாங்கியவரும் கார் வாங்கியவரும் வேறு என்று கம்பெனி கைவிரிக்க இடமிருக்கிறது. இன்வாய்ஸ் முதன்மைக் கார்டுதாரர் பெயரில் இருக்கட்டும். காரின் பதிவு ஆவணமான, லாக்புக் எனப்படும் வி5சி-யில் மனைவி பெயர் இருந்தால் பாதகமில்லை. அது யார் காரை வைத்திருக்கிறார் என்பதைத்தான் காட்டுகிறது, உடைமைப் பத்திரம் ஆகாது. அதேபோல இடையில் வேறொரு பேமென்ட் நிறுவனம் புகுந்தாலும் தொடர்பு அறுந்துவிடக்கூடும். கார்டு ரசீதிலும் இன்வாய்ஸிலும் ஒரே வியாபாரப் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

தனியாரிடம் வாங்குவதாக இருந்தால் கார்டு மெஷின் கிடையாது. அதற்காக ஏடிஎம்மில் பணம் எடுத்தால் கட்டணத்தோடு அன்றே வட்டியும் ஓட ஆரம்பிக்கும், 0% அதற்குச் செல்லாது. மணி டிரான்ஸ்ஃபர் கார்டு அதற்குத்தான் இருக்கிறது: 4% கட்டணம் என்றால் 4,500-க்கு 180 பவுண்டு. கடனைவிட மலிவாக இருக்கலாம், ஆனால் பிரிவு 75 அதோடு வராது. கார் மேல் பழைய பைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்று காசு கொடுத்துப் பார்க்கும் சோதனையை இங்கே தவிர்க்கவே கூடாது. காரின் வருடாந்தரத் தகுதிச் சோதனையான எம்ஓடி-யின் வரலாறு அரசுத் தளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டால் இலவசம். முந்தைய வருடங்களின் 'அட்வைசரி' (கவனிக்க வேண்டியவை) குறிப்புகளைப் படியுங்கள். மூன்று வருடமாகத் துரு என்று எழுதி, நாலாவது வருடம் மௌனமாக இருந்தால் அடியில் புதுக் கறுப்புப் பூச்சு இருக்கும்.

காரை ஓட்டி வருவதற்கு முன் இன்சூரன்ஸ், அதன்பின் ரோடு டாக்ஸ். 2014 அக்டோபரிலிருந்து பழைய உரிமையாளரின் டாக்ஸ் காரோடு வராது. வி5சி-யின் பச்சைச் சீட்டில் உள்ள எண்ணை வைத்து அங்கேயே கட்டலாம்.

டீலரிடம் வாங்கிய காரில் கோளாறு என்றால் 2015-ஆம் ஆண்டின் கன்ஸ்யூமர் ரைட்ஸ் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அதன்பின் ஆறு மாதத்துக்குள் என்றால் டீலருக்குப் பழுதுபார்க்க ஒரு வாய்ப்பு தர வேண்டும். டீலர் அதற்கு மசியாவிட்டால் கார்டு கம்பெனிக்கு எழுத்தில் 'பிரிவு 75 கோரிக்கை' என்றே தலைப்பிட்டு அனுப்புங்கள். வெறும் 'புகார்' என்று எழுதினால் சார்ஜ்பேக் பக்கம் தள்ளிவிடுவார்கள், அது கார்டு நெட்வொர்க்கின் விதிப்படி பணத்தைத் திரும்பக் கேட்கும் வேறு வழி, அதற்குச் சட்ட பலம் இல்லை. முறைப்படி புகார் கொடுத்து எட்டு வாரத்தில் இறுதிப் பதில் வராவிட்டால் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதி ஒம்பட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம், செலவில்லை. கடன் தீர்ந்து கார்டையே மூடிவிட்டாலும் இந்தக் கோரிக்கைக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு வருடம், ஸ்காட்லாந்தில் ஐந்து வருடம் காலம் இருக்கிறது. இன்வாய்ஸ், கார்டு ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் அதுவரை வைத்திருங்கள். விளம்பரத்தை மட்டும் கார் விற்ற அன்றே எடுத்துவிடுவார்கள், அதை முந்தின நாளே பிடித்து வைக்க வேண்டும்.