அண்டிப்பருப்பு எங்கே போகிறது?

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கம் அண்டியாபீஸ் (அண்டி என்றால் முந்திரி; அதை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலை) என்றாலே ‘எல்லாம் அமெரிக்காவுக்குப் போகுது’ என்று இன்னும் சொல்கிறார்கள். அது பழைய கதை. 1980-களில் சோவியத் யூனியனும் நம் பருப்பை மூட்டை மூட்டையாக வாங்கியது. ரூபாயிலேயே கணக்கு முடிந்துவிடும். 1991-இல் அந்த நாடே இல்லாமல் போனது. அப்புறம் வியட்நாம் இயந்திரங்களோடு வந்து, 2000-களின் நடுவில் ஏற்றுமதியில் நம்மை முந்திவிட்டது. இங்கே தோலுரிப்பது இன்றும் பெரும்பாலும் பெண்களின் கைதான் (அவர்கள் கூலி பற்றித் தனியாகவே எழுத வேண்டும்). உடைக்கும் கொட்டையில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. வெளியே அதிகம் வாங்குவது இப்போது ஐக்கிய அரபு அமீரகம். 2025-இல் அமெரிக்கா 50% வரி போட்டதும் ஊரில் ஒரே புலம்பல். சரி, புலம்பலாம். ஆனால் உலகிலேயே அதிகம் முந்திரி தின்பது நாம்தான். என்னைக் கேட்டால், தீபாவளி இனிப்புக்கடைதான் இப்போது நம் பெரிய சந்தை.