கார்பெட்டுக்கு அடியில் குறுவை

மன்னார்குடிப் பக்கம் யார் காரின் டிக்கியைத் திறந்தாலும், ஸ்டெப்னி இருக்கோ இல்லையோ, காலிச் சாக்கும் ஒரு துண்டுத் தார்ப்பாயும் மூலையில் நாலு நெல்மணியும் கட்டாயம் இருக்கும். எங்கள் அப்பா காரில் அந்த நெல் முளைத்தே விட்டது.

முதலில் வந்தது நாற்றம்தான். ஏசியைப் போட்டால் ஊறிய சாக்கு வாடை. எலி செத்துக் கிடக்கிறது என்றார் அம்மா. "வண்டின்னா வாடை வரத்தாண்டி செய்யும்" என்று அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். கல்யாணத்துக்குப் போகும் வழியில் அம்மாவின் பட்டுப்புடவைக் கரை நனைந்ததும்தான் மனுஷர் இறங்கி வந்தார்.

குஷன் கடை பாய், முன் சீட்டுக் கீழே கார்பெட்டை விரலால் அழுத்தினார். தண்ணீர் குபுக்கென்று மேலே வந்தது. "அண்ணே, கொள்முதல் நிலையத்துல நெல்லு 17 சதவீத ஈரத்துக்கு மேல இருந்தாலே திருப்பி அனுப்புவாங்க. இதை வாசல்லயே விட மாட்டாங்க."

காரணம் குளவி. ஏசித் தண்ணீர் வெளியே சொட்டுகிற சின்னக் குழாயின் வாயை மண் வைத்து அடைத்துக் கூடு கட்டியிருந்தது. போக வழியில்லாத தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது.

"குளவி கூடு கட்டினா வீட்டுல நல்ல சேதி வரும்பாங்க பாய்."

"எந்த வயித்துக்குன்னு தூக்கிப் பாத்தாத் தெரியும்ணே."

தூக்குவது லேசில் இல்லை. முன் சீட்டுக்கு நாலு நாலு போல்ட், எல்லாம் 14-ம் நம்பர். அதில் ஒன்று துருப்பிடித்து, கடைப் பையனைக் குட்டிக்கரணம் போட வைத்தது. பின் சீட்டு, சீட் பெல்ட் போல்ட், கதவடிப் பிளாஸ்டிக், கியர் கவர் என்று கழற்றக் கழற்ற எங்கள் குடும்ப வரலாறே வெளியே வந்தது. கொலுசுத் திருகாணி, விபூதிப் பொட்டலம், ஒரு மோட்டார் கொட்டகைச் சாவி. அந்தச் சாவியைச் சித்தப்பாதான் தொலைத்தார் என்று அப்பா தெருவில் நின்று கத்தியது ஊருக்கே தெரியும். இப்போது சத்தமில்லாமல் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கார்பெட்டை உரித்து அடியிலிருந்த ஃபெல்ட்டைப் புரட்டினால், வெள்ளை வேர் பின்னிக் கிடக்க, வெளிறிய மஞ்சளில் விரல் நீள முளைகள். விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் சாக்கில் மூட்டம் போட்டுத்தானே முளை கட்டுகிறோம்? ஈரம், இருட்டு, வெயிலில் நிற்கிற காரின் சூடு, எல்லாம் இங்கே இலவசம்.

அப்பா உட்கார்ந்து ஒன்றைப் பிடுங்கி, ஒட்டியிருந்த உமியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆடுதுறை 43" என்று ரகத்தைச் சொன்னார். பிறகுதான் கோபம் வந்தது. "80 சதவீதம் முளைக்கும்னு சீட்டு ஒட்டி ஒருத்தன் வித்தானே, அது நாத்தங்கால்ல பாதிகூட வரலடா. இங்க பாரு, ஒண்ணு பாக்கியில்ல!"

தகரத்தில் அங்கங்கே துரு. சுரண்டி, பெயிண்ட் அடித்து, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் மேலே துணி என்று பாய் கறாராகச் சொல்லிவிட்டார். ரெக்ஸின் போட்டால் பைப்பைப் பிடித்துக் கழுவிவிடலாமே என்று அப்பா கேட்டார். "கழுவுற தண்ணி அடியில நின்னா மேல தெரியாதுண்ணே, அடுத்து சம்பாவும் போட்டுருவீங்க" என்று பாய் மறுத்துவிட்டார். பழசை அளவு வைத்து ரோலிலிருந்து புதுசை வெட்டினார்கள். போல்ட் துளைகளைச் சூட்டுக்கம்பியால் பொசுக்கினார்கள், அப்போதுதான் பிரி பிரியாது. கியர் மேட்டில் மட்டும் ஒரு சுருக்கம் விழுந்தது, எனக்கு இன்னும் கண்ணை உறுத்துகிறது. நிறம் அப்பா தேர்வு: சேற்று நிறம். முன்யோசனைக்காரர்.

வண்டி எடுக்கப் போன அன்று, முந்தைய ராத்திரி மழையில் ஊறிப்போய்ப் பழைய கார்பெட் கடைச் சுவரோரம் கிடந்தது. அப்பா அதைச் சுருட்டி, தண்ணீர் சொட்டச் சொட்ட, புதுக் கார்பெட்டின் மேலேயே ஏற்றினார்.

"மாட்டுக் கொட்டகைக்கு ஆகுமில்ல?"

பாய் வாங்கின பணத்தை எண்ணாமலே உள்ளே போய்விட்டார்.