ஒளிந்திருந்து பார்த்தவர்

காளத்தி என்கிற ஸ்ரீகாளஹஸ்தியில் மூலவரை அர்ச்சகர்கள்கூடக் கையால் தொடுவதில்லை என்பது மரபு. அபிஷேகம், அலங்காரம் எல்லாம் அந்த எல்லைக்குள்தான். அதே லிங்கத்தின் மேல்தான் ஒரு வேடன் செருப்புக் காலை ஊன்றினான் என்கிறது பெரியபுராணம். இந்த இரண்டையும் சேர்த்து நினைக்காமல் என்னால் அந்தக் கோயிலுக்குள் நுழைய முடிவதில்லை.

நகரியில் இருக்கிற எங்களுக்குக் காளத்தி பக்கம்தான். ரேணிகுண்டாவில் ரயில் மாறினால் போதும். 1953-ல் சித்தூர் ஜில்லா ஆந்திராவோடு போனது. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. நகரி இந்தப் பக்கமே தங்கிவிட்டது. வீட்டில் தமிழ், பஸ் போர்டில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். காளத்திநாதர் விஷயத்தில் மட்டும் எங்களுக்கு எல்லைக்கோடு கிடையாது.

இந்த முறை பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆயுசு முழுக்கத் தறியில் உட்கார்ந்தவர். இடது கண்ணில் பார்வை போய்விட்டது. வலது கண்ணில் எல்லாம் நிழலாகத்தான் தெரிகிறது. கண்ணை வேண்டிக்கொள்ளத்தான் கண்ணப்பரிடம் போகிறார் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்தேன்.

சுவர்ணமுகி ஆற்றில் மணல்தான் அதிகம் தெரிந்தது. பெரியபுராணத்தில் வருகிற பொன்முகலி இதுதான். கிருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே மாதம் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது 2017-ல் குடமுழுக்கு கண்ட புதுக் கோபுரம். பெரியப்பா தலையைத் தூக்கி, "உசரம் அதேதானாம்மா?" என்று கேட்டார். "பெருசாத்தான் இருக்கு பெரியப்பா" என்றேன். கும்பிட்டுக்கொண்டார்.

உள்ளே ராகு கேது பூஜைக்கு வந்தவர்கள்தான் பெரும்பாலும். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள், குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள். கண்ணப்பர் பெயரையே கேட்காமல் பரிகாரம் முடித்துத் திரும்புகிறவர்களும் இதில் உண்டு. அவர்களைக் குறைவாகப் பேசுகிற பக்தர்களை எனக்குப் பிடிப்பதில்லை. துக்கம் கூட்டிக்கொண்டு வந்தாலும் வந்து நிற்கிற சந்நிதி அதேதானே.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு தெலுங்கு அம்மா, பேத்திக்கு ஸ்தல புராணம் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்ரீ என்றால் சிலந்தி, காளம் பாம்பு, ஹஸ்தி யானை. சிலந்தி தன் நூலாலேயே சாமிக்குக் கோயில் கட்டியதாம். பாம்பு ரத்தினங்களைக் கொண்டுவந்து வைத்துக் கும்பிடும். பின்னால் யானை வரும். இது என்ன, சாமி மேல் யாரோ கல்லைப் போட்டிருக்கிறார்களே என்று துதிக்கைத் தண்ணீரால் தள்ளிவிட்டு வில்வத்தைச் சாத்தும். அடுத்து வருகிற பாம்புக்கு அந்த வில்வம் வெறும் தழை. இப்படியே தினமும் நடந்து, கடைசியில் பாம்பு துதிக்கைக்குள் புகுந்துவிட்டது. யானை வலி தாங்காமல் தலையைப் பாறையில் மோதிக்கொண்டது. இரண்டும் செத்துப்போயின.

"ரெண்டுல யாரு நல்லவங்க பாட்டி?" என்று குழந்தை கேட்டது. ரெண்டும்தான் என்றார் அந்த அம்மா. குழந்தைக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை. இரண்டுக்கும் ஒரே சாமி, இரண்டுக்கும் குறையில்லாத பக்தி. அப்படியிருந்தும் எதிரே இருப்பதும் பூசைதான் என்று ஒன்றுக்கும் தெரியவில்லை. பொய்யான பக்தியாக இருந்திருந்தால் யாரும் செத்திருக்க மாட்டார்கள்.

சந்நிதியில் கிடைத்தது சில நொடிகள்தான். இது வாயுத் தலம். காற்று புகாத கருவறையிலும் ஒரு விளக்கின் சுடர் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும் என்பார்கள். பெரியப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "சுடர் ஆடுதாம்மா?" என்றார். மற்றவை அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் துடித்ததைப் பார்த்தேன். "ஆடுது பெரியப்பா." "எந்தப் பக்கமா?" பதில் சொல்வதற்குள் எங்களை நகர்த்திவிட்டார்கள். வெளியே வந்ததும், "பாத்தாச்சு" என்றார் நிறைவாக. யார் கண்ணால் என்று நான் கேட்கவில்லை.

பிரகாரத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்தோம். அந்த அம்மாவும் பேத்தியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெரியப்பாவின் பேச்சு திண்ணனிடம் போனது. கண்ணப்பர் ஆவதற்கு முன் அந்த வேடனுக்கு அதுதான் பெயர். கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் தொட்ட இடங்கள் வேறு.

திண்ணன் சாமியைத் தேடி வரவில்லை. தலைவனானதும் முதல் வேட்டை. ஒரு பன்றியைத் துரத்திக்கொண்டு வந்தான், மலை தெரிந்தது, ஏறினான். மலைமேல் குடுமித்தேவர் என்கிற அந்தச் சிவனைக் கண்டதும் பன்றி மறந்துபோயிற்று. எதற்காகப் பிறந்தோம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டுதான் வாழ வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

அப்புறம் அந்தப் பூசை. அதை அவன் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. முன்பு ஒரு அந்தணர் இந்தச் சாமிக்கு நீராட்டி, இலையும் பூவும் சூட்டி, உணவு படைத்ததைப் பார்த்தேன் என்று கூட வேட்டைக்கு வந்த நாணன்தான் சொல்கிறான். திண்ணன் செய்தது அதே மூன்றைத்தான். கையில் வில்லும் இறைச்சியும் இருந்ததால் தண்ணீர் வாயில் வந்தது, பூ தலைமயிரில் வந்தது, இறைச்சியை ருசி பார்த்து நல்லதாக எடுத்து வைத்தான். "அந்த அந்தணர்தான் சிவகோசரியார். அவர் அசுத்தம்னு பெருக்கித் தள்ளினது அவரோட பூசையைத்தாம்மா. வேடன் கைக்குப் போனதும் அவருக்கே அடையாளம் தெரியல" என்றார் பெரியப்பா. இத்தனை வருஷம் கேட்ட கதையில் இது எனக்குப் புதிதாக இருந்தது.

கூட வந்த நாணன் அதே மலையில், அதே லிங்கத்தின் முன்னால்தான் நின்றான். இன்னொரு நண்பன் காடன் கீழே ஆற்றங்கரையிலேயே இருந்தான். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நண்பனுக்குப் பிடித்த பித்துதான். சாமியாடுகிற தேவராட்டியைக் கூட்டி வந்து தீர்க்கலாம் என்று ஊருக்கு ஓடினார்கள்.

அவரவர் பார்வையில் எல்லாமே உண்மை என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். எனக்கு அதில் சம்மதம் இல்லை. நாணன் பார்த்ததும் திண்ணன் பார்த்ததும் சமம் இல்லை. சாமியின் கண்ணில் ரத்தம் வழிந்தபோது தன் கண்ணை அம்பால் பெயர்த்து அப்பியவன் பார்த்தது, பார்த்துவிட்டுப் போனவர்களுக்குக் கிடைக்காது. அதே சமயம், சிவகோசரியார் கண்டது பொய்யும் இல்லை. கனவில் வந்த சிவன் அவருடைய ஆகமத்தைத் தள்ளவில்லை, திண்ணனைத் திருத்தவும் இல்லை. அவன் செய்வதெல்லாம் தனக்கு இனியது, நாளை மறைந்திருந்து பார் என்று மட்டும் சொன்னார். ஆறாம் நாள் சிவகோசரியார் மறைந்து நின்று பார்த்தார். கண் போனது, இன்னொரு கண்ணிலும் ரத்தம், அடையாளத்துக்குக் கால் ஊன்றியது, நில்லு கண்ணப்ப என்று கை வந்து தடுத்தது, எல்லாவற்றையும். பாம்பையும் யானையையும் இப்படி ஒரு மறைவில் நிறுத்தி, மற்றது வரும் நேரத்தைக் காட்ட யாரும் இருக்கவில்லை.

"மறுநாள் காலையில சிவகோசரியார் எப்படிப் பூசை பண்ணியிருப்பாரு பெரியப்பா?"

"சேக்கிழார் அதைச் சொல்லாம விட்டுட்டாரும்மா." கொஞ்சம் யோசித்தார். "குளிச்சிட்டுத்தான் வந்திருப்பாரு. மந்திரத்தையும் விட்டிருக்க மாட்டாரு. அது அவர் வழி, சாமி அதைத் தப்புன்னு சொல்லவே இல்லியே. ஆனா பெருக்கப் போனா அங்க எலும்பு இருந்திருக்காது பாரு, அப்போ தேடியிருப்பாரு."

அந்த அம்மாவுக்குத் தமிழ் நன்றாகவே புரிந்திருக்கிறது. அதெப்படி, அன்றைக்கு அவருக்குப் பூசையே ஓடியிருக்காது என்று தெலுங்கில் மறுத்தார். பெரியப்பா விடவில்லை. பூசை நின்றால் திண்ணனுக்கு அதில் என்ன மரியாதை, அவன் கற்றதே இவரைப் பார்த்துத்தானே என்று அவரும் தெலுங்குக்கு மாறினார். பேத்தி என் மடியில் தூங்கிவிட்டாள். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது. ஆனாலும் பெரியப்பா பக்கம்தான் சாய்ந்தேன்.